நோட்டு உங்களுடையது

திலகவதி வேலைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து ஜெபாவுக்கு மதியச் சாப்பாடு ஒரு தொல்லையாகிவிட்டது.

பன்னிரண்டரைக்கு மணி அடிக்கும். எக்ஸ்போர்ட் பிரிவின் இரண்டு மேசைகளையும் ஒட்டிப்போட்டு டப்பாவைத் திறப்பார்கள். திலகவதியின் டப்பாவில் ஒரு நாள் எண்ணெய்க் கத்திரிக்காய் இருக்கும், ஒரு நாள் மீன் வறுவல் இருக்கும். சோறு அவர்கள் கழனி நெல். மூடியில் கொஞ்சம் எடுத்து வைத்து ஜெபாவின் பக்கம் தள்ளுவாள்.

"எடுத்துக்கோக்கா."

"வேணாம்."

"கொஞ்சம் எடுத்துக்கோக்கா. அம்மா உனக்குன்னே வெச்சாங்க."

"வேணாம் திலகா, வயிறு சரியில்ல."

"இன்னாக்கா, தெனமும் வயிறு சரியில்லயா? எடுத்துக்கோ."

மூன்றாவது தடவையும் வேண்டாம் என்ற பிறகுதான் மூடி திரும்பிப் போகும். ஒரு நாள் தவறாமல் இது நடந்தது. ஜெபா ஒரு நாளும் எடுத்துக்கொண்டதில்லை. வறுவல் வாசனை மூக்கில் ஏற ஏற அவளுக்கு எரிச்சல்தான் ஏறும். கொடுக்கிற இடத்தில் பிறந்தவளுக்குக் கொடுப்பது எவ்வளவு சுலபம் என்று நினைத்துக்கொள்வாள்.

அவளுடைய அம்மா ரோசம்மாள் பிறந்தது ஆரணிக்குப் பக்கத்தில்; பட்டுக்குப் பேர்போன ஆரணி அல்ல, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆரணி. கல்யாணத்துக்கு முன்னால் நடவுக்குப் போன கழனிகளில் ஒன்று திலகவதியின் தாத்தாவுடையது. திலகவதிக்கு இது தெரியாது. ஜெபாவும் சொல்லவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரண்டு இரும்பு உருக்காலைகளுக்கு நடுவே இருந்தது கம்பெனி. அரிசி ஆலை மிஷின்களுக்கு உருளையும் சல்லடையும் செய்து அனுப்புவார்கள். அரபு நாடுகளுக்குப் போகும் பெட்டிகளோடு அரபியில் காகிதம் போக வேண்டும். அதை எழுத இரண்டு வருடமாக ஜெபா ஒருத்திதான் இருந்தாள். வாட்ச்மேன் வரைக்கும் அவளுக்கு 'அரபிப் பொண்ணு' என்றே பேர். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கக் கூசுகிற பெண்ணுக்கு அது பெரிய பேர்.

அந்தப் பேரை அவள் சும்மா வாங்கவில்லை. ரோசம்மாள் குவைத்தில் பதினோரு வருடம் வீட்டு வேலை பார்த்தாள். ஃபோனில் அம்மா சொல்லும் ஒன்றிரண்டு அரபிச் சொற்களை ஜெபா கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பாள். கெமிஸ்ட்ரி பட்டம் முடித்த பிறகு சென்னையில் பல்கலைக்கழகத்தின் சாயங்கால அரபி வகுப்பில் சேர்ந்தாள். எளாவூரிலிருந்து லோக்கல் ரயிலில் போய், நிற்க இடமில்லாத பெண்கள் பெட்டியில் கதவோரம் சாய்ந்துகொண்டு வீட்டுப்பாடம் எழுதி, இரண்டு வருடம். பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதச் சொன்னால் பிழை இருக்காது.

திலகவதி அதே பல்கலைக்கழகத்தில் பாரசீகம் படித்திருந்தாள். ஏன் என்று ஜெபா கேட்டாள்.

"சும்மாதான்க்கா சேந்தேன். டிஎன்பிஎஸ்சி-க்குப் படிச்சிக்கினு இருந்தேனா, அங்க லைப்ரரில உக்கார ஐடி கார்டு கேட்டாங்க. பெர்சியன்லதான் சீட்டு காலியா இருந்துச்சு. சரி, கார்டு கெடைக்குதேன்னு சேந்துட்டேன். அப்புறம் பாத்தா நல்லாத்தான் இருந்துச்சு."

சும்மா என்ற அந்தச் சொல்லை ஜெபா அன்று முழுவதும் மென்றுகொண்டிருந்தாள்.

திலகவதியை வேலைக்கு எடுக்க ஜெபாவே காரணமாக இருந்தாள் என்பதுதான் இதில் வேடிக்கை. ஈராக்கில் திவானியா என்று ஓர் ஊர். அங்கே அபு ஹைதர் என்பவருக்கு அரிசி ஆலை. அவரிடம் இருந்த பாலீஷ் மிஷின் ஈரானில், ராஷ்ட் நகரத்தில் செய்தது. செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள். உருளை தேய்ந்துவிட்டது. மிஷினை வடிவமைத்த கராமத்தி என்ற பொறியாளர் ஓய்வு பெற்று ராஷ்டில் இருந்தார். உருளையின் அளவும் சரிவும் அவர் கையால் எழுதிய நோட்டில்தான் இருந்தன. அபு ஹைதருக்கு அரபி மட்டும் தெரியும், கராமத்திக்குப் பாரசீகம் மட்டும். ஈராக்கில் இரண்டும் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மேனேஜர் தணிகாசலம் ஆர்டரைப் பிடிக்கிற அவசரத்தில், பேச்சுவார்த்தை மொத்தமும் எங்கள் பொறுப்பு என்று எழுதச் சொல்லிவிட்டார். எழுதியவள் ஜெபா.

எழுத்து ஒன்றுதானே, அரபி படித்தவள் பாரசீகத்தையும் படித்துவிடுவாள் என்பது தணிகாசலத்தின் கணக்கு. ஜெபாவும் மறுக்கவில்லை. கராமத்தியின் முதல் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுத்தெல்லாம் தெரிந்த எழுத்து. சொற்களில் பாதி தெரிந்த சொல். வாக்கியம் மட்டும் பிடிபடவில்லை. தன் வீட்டுப் பாத்திரங்களை வேறொருத்தி தன் சமையலறையில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்ப்பது போல இருந்தது. மூன்று நாள் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்று போய்ச் சொன்னாள். அடுத்த திங்கட்கிழமை திலகவதி வந்தாள்.

வேலை இப்படி நடந்தது. கராமத்தி வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்புவார். திலகவதி கேட்டுக்கொண்டே தமிழில் சொல்வாள். ஜெபா அதை அரபியில் தட்டி அபு ஹைதருக்கு அனுப்புவாள். அபு ஹைதரின் பதில் ஜெபாவின் வாயால் தமிழாகி, திலகவதியின் குரலில் பாரசீகமாகி ராஷ்டுக்குப் போகும். ஈரானுக்கும் ஈராக்குக்கும் நடுவில், உருக்காலைப் புகை ஜன்னலில் படிந்த ஓர் அறையில், தமிழ் உட்கார்ந்திருந்தது.

திலகவதிக்கு அது தண்ணீர் பட்ட பாடு. பாரசீகத்திலும் தமிழைப் போலவே வினை கடைசியில் வருமாம். கேட்ட வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போவாள். ஜெபாவுக்கு வேலை அதன் பிறகுதான் ஆரம்பிக்கும். வாக்கியத்தை உடைத்து வினையை முன்னால் கொண்டுவர வேண்டும். பாரசீகத்தில் ஆண்பால் பெண்பால் கிடையாது, அரபியில் திருகாணிக்கும் பால் உண்டு. அவள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடிப்பதற்குள் திலகவதி கால் ஆட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பாள்.

வேலையைப் பார்க்க வருகிறவர்கள் காதில் விழுவது திலகவதியின் பாரசீகம். "இன்னாம்மா இது, பாட்டு மாதிரி பேசுற" என்று தணிகாசலமே ஒரு நாள் நின்று கேட்டார். ஜெபாவின் அரபிக்குக் குரல் இல்லை. அது விரல் நுனியில் டக் டக் என்று கேட்பதோடு சரி.

கராமத்தி எதையும் நேராக ஆரம்பிக்க மாட்டார். "ஒங்க கால் என் கண்ணு மேல படட்டும்றாருக்கா. ஒங்களுக்காக உசுரையே குடுப்பேன்றாரு, காலங்காத்தால" என்று திலகவதி சிரிப்பாள். ஜெபா 'வணக்கம் சொல்கிறார்' என்று மட்டும் தட்டுவாள். அபு ஹைதரும் எதற்கெடுத்தாலும் 'என் கண் மேல்' என்பவர்தான். அதையும் ஜெபா தமிழில் சொன்னதில்லை. உருளைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டாள்.

தை பிறந்து ஒரு வாரம் ஆனபோது தணிகாசலம் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"நேரா சொல்லிடறேம்மா, பேஜாரு வேணாம். எக்ஸ்போர்ட்டுக்கு ஒரு ஆளதான் பர்மனென்ட் பண்றாங்க. இந்த ஆர்டருக்கு அளவு வந்து சேரட்டும், யார்னு சொல்றேன். இன்னொருத்தருக்கு மார்ச்சோட கான்ட்ராக்ட் முடிஞ்சிடும்."

வெளியே வந்ததும் திலகவதி, "ஒனக்குத்தாங்க்கா குடுப்பாங்க, நீதானே சீனியரு" என்றாள். அவள் அதை மனதாரச் சொன்னாள் என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் ஜெபாவுக்குப் பொறுக்கவில்லை. பர்மனென்ட் இல்லாவிட்டால் திலகவதிக்குக் கழனி இருந்தது, இரண்டு அண்ணன்கள் இருந்தார்கள். ஜெபாவுக்கு அரபி மட்டும்தான் இருந்தது.

அதற்கு மறுநாள் கராமத்தியின் அந்தச் செய்தி வந்தது. உருளை அளவுகள் உள்ள நாலு பக்கங்களை ஃபோட்டோ எடுத்து அனுப்ப முடியுமா என்று அபு ஹைதர் கேட்டிருந்தார். அதற்குப் பதில்.

திலகவதி காதில் வைத்துக் கேட்டாள். "நாலு பக்கம் இன்னாத்துக்கு, நோட்டே ஒங்களுதுதான்றாருக்கா. ஒங்க தகுதிக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல, எடுத்துக்கங்கன்றாரு. எவ்ளோ நல்ல மன்சு பாரு."

ஜெபாவின் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன.

அவளுக்கு இது தெரியும். எழுத்திலிருந்து அல்ல, சால்வையிலிருந்து.

குவைத்தில் ரோசம்மாள் வேலை செய்தது பாரசீகக் குடும்பம் ஒன்றில். நாலு தலைமுறைக்கு முன்னால் கடல் தாண்டி வந்தவர்கள். வெளியில் அரபி, வீட்டுக்குள் பாரசீகம். போன புதிதில் ஒரு குளிர் நாளில், வீட்டம்மா போர்த்தியிருந்த சாம்பல் நிற சால்வையை ரோசம்மாள் நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். வீட்டம்மா அதைக் கழற்றி நீட்டி, "உன்னுடையதுதான், எடுத்துக்கோ" என்றாள். ரோசம்மாள் சந்தோஷமாக வாங்கிப் போர்த்திக்கொண்டு பாத்திரம் துலக்கப் போனாள். அதன் பிறகு இரண்டு வாரம் அந்த வீட்டில் அவளிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் நெல்லூர்க்காரச் சமையல்காரர் சொன்னார், அது வாங்கிக்கொள்ளச் சொன்ன பேச்சில்லை, மரியாதைப் பேச்சு என்று. அவர்கள் சொல்வார்கள், நாம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், மறுபடி சொல்வார்கள், மறுபடி வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்று தடவைக்கு அப்புறமும் சொன்னால்தான் நிஜம். ரோசம்மாள் சால்வையைத் துவைத்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வீட்டம்மா அதை வாங்கி, விரித்து, தன் கையாலேயே அவள் தோளில் போட்டாள். அந்தச் சால்வை இன்னும் எளாவூர் வீட்டில் இருந்தது.

இதைத் திலகவதிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. லைப்ரரி கார்டுக்காகப் படித்தவளுக்கு எங்கே தெரியும் என்று ஜெபா நினைத்தாள். நினைத்தபோது நெஞ்சுக்குள் இனிப்பாக ஏதோ ஊறியது.

'பெரியவர் பெருந்தன்மையாகச் சொல்கிறார்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அரபியில் அதற்கு அழகான சொற்கள் உண்டு. அபு ஹைதர் புரிந்துகொள்வார். ஜெபா அந்த வரியைச் சேர்க்கவில்லை. 'நோட்டு உங்களுடையது. எடுத்துக்கொள்ளுங்கள்' என்று தட்டினாள். அவள் சொன்னாள், நான் எழுதினேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லுக்குச் சொல் சரி. எந்தப் பரீட்சையிலும் முழு மதிப்பெண் கிடைக்கும்.

அபு ஹைதருக்கு ஒரே மகிழ்ச்சி. நோட்டைக் கூரியரில் அனுப்பச் சொல்லி உடனே முகவரி அனுப்பினார். திலகவதி அதை அழகான பாரசீகத்தில் ராஷ்டுக்குச் சொன்னாள்.

அதற்குப் பிறகு ராஷ்டிலிருந்து எதுவும் வரவில்லை. செய்தியைக் கேட்டதற்கு நீலக் குறி மட்டும் விழுந்தது.

நாலு நாள் ஆயிற்று, ஒரு வாரம் ஆயிற்று. பட்டறையில் உருளைக்கான இரும்பு வந்து இறங்கி, அளவு தெரியாமல் கிடந்தது. தணிகாசலம் திலகவதியின் மேசைக்கு வந்து நிற்க ஆரம்பித்தார்.

"இன்னாம்மா சொன்ன அவராண்ட?"

"அபு ஹைதர் சொன்னதத்தான் சார் சொன்னேன்."

"பெர்சியன் தெரியும்னு சொல்லித்தானே வந்த? கெழவர் கோச்சிக்கினு போற மாதிரி இன்னாத்தயோ பேசியிருக்க."

திலகவதி தலை குனிந்து நின்றாள். ஜெபா கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்குத்தான் ஆசைப்பட்டாள். ஆசைப்பட்டது கிடைத்தபோது காது மடல்கள் சுட்டன.

ஞாயிற்றுக்கிழமை ரோசம்மாள் கோயிலுக்குக் கிளம்பும்போது அந்தச் சாம்பல் நிறச் சால்வையைப் போர்த்திக்கொண்டாள். நெடுஞ்சாலையில் செக்போஸ்ட்டுக்கு வரிசைகட்டிய லாரிகளுக்கு இடையில் அம்மாவும் மகளும் நடந்தார்கள்.

"இன்னாடி, அத்தயே பாத்துக்கினு வர்ற?"

"ஒண்ணுமில்ல. இந்தக் குளிருக்கு சால்வயான்னு பாத்தேன்."

"குளிருக்கா போத்திக்கினு வரேன்? அந்த மரியம் பாக்கணும்னு போத்திக்கினு வரேன். அவ மருமவ புதுச் செயினு போட்டுக்கினு வருவா இல்ல, இன்னிக்கு" என்றாள் ரோசம்மாள். பொறாமை தனக்கு எங்கிருந்து வந்தது என்று ஜெபாவுக்குச் சிரிப்பு வந்தது. கோயில் வாசலுக்குள் அந்தச் சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை தணிகாசலம் வந்து சொன்னார். "திவானியாலருந்து மெயில் வந்துருக்கு. வெள்ளிக்கெழமக்குள்ள அளவு வரலன்னா வேற ஆளப் பாத்துக்கறாங்களாம். அப்புறம் பர்மனென்ட்டும் கெடயாது, ஒண்ணும் கெடயாது."

அன்று மதியம் திலகவதி டப்பாவைத் திறக்கவில்லை. ஃபோனைக் காதில் வைத்துக் கராமத்தியின் பழைய செய்திகளை முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க தப்பா சொன்னேன்னே தெரியலக்கா. பத்து வாட்டி கேட்டுட்டேன். ஒவ்வொரு சொல்லும் சரியாத்தான் இருக்கு."

அவள் கண் சிவந்திருந்தது. ஜெபாவுக்குத் தன் வேலையும் போகப்போகிறது என்ற பயம் இருந்தது. இந்தச் சிவந்த கண்ணும் இருந்தது. எது தன்னைப் பேசவைத்தது என்று பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"திலகா, அந்த நோட்டு வேணாம்னு சொல்லணும்."

"இன்னாக்கா?"

"அவரு நெசமா குடுக்கல. மரியாதைக்குச் சொன்னாரு. நாம வேணாம்னு சொல்லியிருக்கணும்."

சால்வைக் கதையைச் சொன்னாள். திலகவதி வாய் திறந்தபடி கேட்டாள். "அய்யய்யோ, நா பாட்டுக்கு அட்ரஸ எடுத்துப் படிச்சிக்கினு இருந்தனே" என்றாள்.

ஜெபா அபு ஹைதருக்கு எழுதினாள். பெரியவர் பெருந்தன்மையால் சொன்னதை நடுவில் இருந்த நாங்கள் சரியாகச் சொல்லவில்லை, குற்றம் எங்களுடையது என்று. ஐந்தே நிமிடத்தில் அபு ஹைதர் குரல் செய்தி அனுப்பினார். அவர் குரலில் அவமானம் இருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் இதெல்லாம் இல்லையா மகளே, விருந்தாளி எதைப் புகழ்ந்தாலும் உன்னுடையது என்றுதானே நாங்களும் சொல்வோம், இதை முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு பெரிய மனிதரிடம் அவருடைய உயிரைக் கூரியரில் அனுப்பு என்று கேட்டிருப்பேனா என்றார். ஜெபா இதைத் தமிழில் சொல்லும்போது அந்த 'முதலிலேயே' என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிட்டாள்.

பிறகு அபு ஹைதர் கராமத்திக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். ஜெபா இந்தத் தடவை கண்ணையும் விடவில்லை, உயிரையும் விடவில்லை. எல்லாவற்றையும் தமிழில் வைத்தாள். அந்த நோட்டு உங்கள் கையில் இருப்பதுதான் அழகு, எங்கள் கை அதற்குத் தகுதியில்லை, உங்கள் நிழல் எங்கள் தலை மேல் இருந்தால் போதும். திலகவதி சிரிக்காமல் கேட்டு, மெதுவாக, வயதானவரிடம் பேசும் குரலில் பாரசீகத்தில் சொன்னாள்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. இல்லை, நோட்டு உங்களுடையதுதான்.

மறுத்தார்கள். மறுபடி வந்தது. மறுபடி மறுத்தார்கள். திவானியாவுக்கும் ராஷ்டுக்கும் நடுவில் அந்த நோட்டு அன்று சாயங்காலம் வரை போவதும் வருவதுமாக இருந்தது. நாலரை மணிக்கு ஃபோட்டோக்கள் வந்தன. கேட்டது நாலு பக்கம், வந்தது ஏழு. கூடவே ஒரு குரல் செய்தி. தணிகாசலம் பக்கத்தில் நின்றிருந்ததால் திலகவதி அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தமிழில் சொன்னாள். "இவ்ளோ தூரத்துல ஒரு பொண்ணு எங்க பேச்ச எங்க மரியாதையோட பேசுது, அந்தக் கொழந்த நல்லா இருக்கணும்னு..." என்று சொல்லி நிறுத்தினாள். கூச்சத்தில் முகம் சிவந்துவிட்டது.

"சபாஷ்மா" என்றார் தணிகாசலம். "நா கூட உன்னத் தப்பா நெனச்சிட்டேன்."

"இல்ல சார், ஜெபாக்காதான்..."

"ஆமா, அதுவும் நல்லா டைப் அடிக்குது" என்று சொல்லிக்கொண்டே அவர் அளவுகளோடு பட்டறைக்கு ஓடினார்.

யோசனை தன்னுடையது என்று ஜெபா அவர் பின்னால் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால், இது எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பார். ஜெபா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை திலகவதிக்குப் பர்மனென்ட் ஆர்டரைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். ஜெபாவின் பேருக்கு எதுவும் வரவில்லை. மார்ச் முடிய இன்னும் ஏழு வாரம் இருந்தது.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் திலகவதி வழக்கம்போல ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சந்தோஷப்படவும் கூச்சமாக இருந்தது அவளுக்கு.

"நா சார்கிட்ட மறுபடி சொல்றேங்க்கா. நீ சொல்லலன்னா எனக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது. அந்த சால்வ கத... ஒங்க அம்மா இப்பத்தான் சொன்னாங்களா?"

"இல்ல, நா ஆறாவது படிக்கறப்பவே" என்றாள் ஜெபா. யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"ஆறாவதா?"

ஜெபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் மேம்பாலம் ஏறி இறங்கியது. திலகவதி தன் மடியில் இருந்த கவரைப் பார்த்தாள். அதன் ஓரத்தை விரலால் நீவினாள். ஏதோ நாட்களை எண்ணுவது போல உதடு அசைந்தது. பிறகு அதுவும் நின்றது.

திங்கட்கிழமை பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. மேசைகளை ஒட்டிப்போட்டார்கள். திலகவதி டப்பாவைத் திறந்தாள். மீன் வறுவல். மூடியில் இரண்டு துண்டு எடுத்து வைத்து இந்தப் பக்கம் தள்ளினாள்.

"எடுத்துக்கோக்கா."

"வேணாம்" என்றாள் ஜெபா, பழக்கத்தில்.

இன்றைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவள் வீட்டிலிருந்தே நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். இரண்டாவது தடவைக்காகக் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

திலகவதி மூடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.